வெசாக் பந்தலும் பாட்டுப் படமும்

பாப் டிலனின் 1965ஆம் ஆண்டுப் பாட்டொன்றுக்கு 2013இல் வான்யா ஹேமன் ஓர் இணையக் காணொளி இயக்கினார். அதில் 16 தொலைக்காட்சி அலைவரிசைகள். செய்தி, சமையல், பரிசுப் போட்டி என்று எதற்குத் திருப்பினாலும் அதில் இருப்பவர் டிலனின் வரிகளுக்கே வாயசைப்பார். பார்வையாளரின் கையில் பாட்டுப் படத்தைக் கொடுத்த புதுமை என்றார்கள். கொழும்புக்காரர்களுக்கு அது அவ்வளவு புதுமையாகத் தோன்றத் தேவையில்லை. வெசாக் பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் மே மாதத்தில், கொட்டாஞ்சேனையை அண்டிய தொட்டலங்காவிலும் புறக்கோட்டையிலும் எழும்பும் பந்தல்கள் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கின்றன. நடுவில் பெரிய புத்தர் உருவம்; சுற்றிவர, அவருடைய முற்பிறவி பற்றிய ஜாதகக் கதையொன்றின் காட்சிகள் தனித்தனி ஓவியங்களாக. ஒலிபெருக்கியில் விரிது என்னும் சிங்களக் கதைப்பாட்டாகக் கதை ஓட, அந்தந்தக் காட்சியில் மின்குமிழ்கள் எரியும்.

எரியும் ஒழுங்கைத் தீர்மானிப்பது பழைய பந்தல்களில் ஒரு மர உருளை. அதன் மேல் உலோகத் தகட்டை வேண்டிய வடிவில் வெட்டி அறைந்திருப்பார்கள். மோட்டார் உருளையைச் சுழற்ற, வரிசையாக நிற்கும் தொடுமுனைகள் அதில் உரசிக்கொண்டிருக்கும். தகடு பட்டால் மின்சுற்று மூடி அந்த வரிசைக் குமிழ்கள் எரியும்; வெறும் மரம் பட்டால் அணையும். நிறம் ஓடுவதும் சக்கரம் சுற்றுவதும் தகட்டின் வெட்டில் இருக்கிறது. அந்த வேலையை இப்போது சிறு மின்னணுச் சில்லு செய்கிறது. என் கண்ணுக்கு உருளையே அழகு. கதையின் காலக்கணக்கைக் கையால் தடவிப் பார்க்கலாம்.

பந்தலில் பொத்தான் இல்லையே, பார்ப்பவர் எதையும் மாற்ற முடியாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் டிலன் காணொளியிலும் பாட்டு மாறுவதில்லை. எந்தப் படத்தோடு அதைச் சேர்த்துக் கேட்பது என்பதே நம் கையில் இருக்கிறது. பந்தலில் எல்லாக் காட்சிகளும் ஒரே நேரத்தில் கண்முன் நிற்கின்றன. ஒளி ஒன்றைச் சுட்டினாலும் கண் இன்னொன்றுக்குப் போகலாம், அணைந்த காட்சியோடு எரிவதை ஒப்பிடலாம். குறியீடு பிறப்பது அந்த ஒப்பீட்டில்தான். சிங்களப் பாட்டு விளங்காத வெள்ளவத்தைத் தமிழர் ஒருவரும், எது முன், எது பின், எது நடு என்பதை வைத்தே கதையின் நியாயத்தைப் பிடித்துவிடலாம். மூன்று வினாடிக்கொரு வெட்டு விழும் சினிமாப் பாட்டு இந்த அவகாசத்தைத் தருவதில்லை.

அடுத்த வெசாக்கில் பந்தல் பார்க்கப் போனால், ஒரு சுற்று முழுவதும் ஒளியைப் பின்தொடருங்கள். மறு சுற்றில் ஒரே காட்சியை மட்டும் பாருங்கள்.