இடிபாடுகள் கூறும் சாட்சியம்

சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்ட செய்தியை லூக்காஸ் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தவக்காலத்து மூன்றாம் ஞாயிறுகளில், மூன்றாண்டுக்கு ஒரு முறை, இப்பகுதி திருப்பலியில் ஒலிக்கிறது. மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளோ என்ற வினாவை ஆண்டவரே எழுப்பி, இல்லையென்று அவரே விடையும் பகர்கின்றார். துன்பம் நேர்ந்தவுடன் துன்புற்றவரையே குற்றவாளியாக்கும் நம் பழைய வழக்கத்துக்கு அவர் இட்ட தடை அது. பின்னர் அவர் நம் ஒவ்வொருவரையும் நோக்கி மனந்திரும்பச் சொல்கிறார்.

அக்கோபுரம் ஏன் விழுந்தது என்பதை நற்செய்தி கூறவில்லை. நம் காலத்திலோ அந்த வினாவுக்கு விடை தேடுவதையே தொழிலாகக் கொண்ட பொறியாளர்கள் இருக்கின்றனர். மருத்துவர் பிரேத பரிசோதனை செய்து இறப்பின் காரணத்தை அறிவது போல, இவர்கள் இடிந்த கட்டடத்தின் உடைந்த உறுப்புகளைப் பரிசோதித்து வீழ்ச்சியின் காரணத்தை அறிகின்றனர். அவர்களது பணியிலிருந்து கிறிஸ்தவக் குடும்பங்களாகிய நாம் கற்க வேண்டியவை சில உண்டு என்று கருதியே இக்கட்டுரையை வரைகின்றோம்.

நடனமாடியவர்கள் மீது பழி

அமெரிக்க நாட்டின் கான்சாஸ் நகரில் 1980-ஆம் ஆண்டு 40 மாடி ஓட்டல் ஒன்று திறக்கப்பட்டது. அதன் உயர்ந்த நடுக்கூடத்தின் குறுக்கே, கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளால் தொங்கவிடப்பட்ட நடைபாலங்கள் அமைந்திருந்தன. அவற்றுள் இரண்டு, ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்றாகத் தொங்கின. 1981-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை. கூடத்தில் நடன விருந்து நடந்துகொண்டிருந்தது. மக்கள் நூற்றுக்கணக்கில் திரண்டிருந்தனர். பாலங்களின் மேலும் பலர் நின்று வேடிக்கை பார்த்தனர். ஏழு மணி கடந்த சில நிமிடங்களில் மேற்பாலம் அறுந்து கீழ்ப்பாலத்தின் மேல் விழ, இரண்டும் சேர்ந்து தரையில் நின்றிருந்தோர் மீது வீழ்ந்தன. 114 உயிர்கள் மாய்ந்தன. காயமுற்றோர் 200-க்கும் மேற்பட்டவர். மீட்புப் பணி இரவு முழுவதும் தொடர்ந்தது.

உடனே ஊகங்கள் கிளம்பின. பாலத்தின் மேல் நின்றவர்கள் இசைக்கேற்பக் குதித்து ஆடியதால் அது அதிர்ந்து விழுந்தது என்றனர் சிலர். எஃகின் தரம் குறைவு, தொழிலாளரின் வேலை சரியில்லை என்றெல்லாம் பேச்சு எழுந்தது. மாண்டவர் மீதும் எளியவர் மீதும் பழி சுமத்துவது எவ்வளவு எளிது!

ஆனால் இடிபாடுகள் வேறு சாட்சியம் கூறின. நகரின் நாளிதழ் ஒன்று பொறியாளர் ஒருவரை அமர்த்தி, வரைபடங்களையும் விழுந்த பகுதிகளையும் ஒப்பிடச் செய்தது. சில நாட்களுக்குள்ளேயே முக்கியமான முரண்பாடு வெளிப்பட்டது. பின்னர் அமெரிக்க அரசின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் விரிவான ஆய்வு நடத்தி 1982-இல் அறிக்கை அளித்தது.

முதலில் வரைந்த வடிவமைப்பில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட கம்பி மேற்பாலத்தின் உத்தரத்தை ஊடுருவிச் சென்று கீழ்ப்பாலத்தையும் தாங்குவதாக இருந்தது. அவ்வளவு நீளமான கம்பிக்கு மரை வெட்டுவது கடினம் என்பதால், கட்டுமானத்தின்போது அதை இரண்டு கம்பிகளாக மாற்றினர். ஒரு கம்பி கூரையிலிருந்து மேற்பாலம் வரை. மற்றொன்று மேற்பாலத்திலிருந்து கீழ்ப்பாலம் வரை. பார்வைக்குச் சிறு மாற்றம். விளைவோ பெரிது.

கிணற்றுக்கு மேலுள்ள உத்தரத்திலிருந்து தொங்கும் கயிற்றை இருவர், ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாகப் பற்றியிருப்பதாக எண்ணிக்கொள்வோம். ஒவ்வொருவர் கையும் அவரவர் எடையை மட்டுமே தாங்கும். கீழே உள்ளவர் அக்கயிற்றை விட்டுவிட்டு, மேலே உள்ளவரின் இடுப்பில் கட்டிய வேறொரு கயிற்றைப் பற்றிக்கொண்டால் என்ன ஆகும்? முதற்கயிற்றுக்கு வேறுபாடு இல்லை. ஆனால் மேலே உள்ளவரின் கை இருவர் எடையையும் சுமக்க வேண்டும். அவ்வாறே மேற்பாலத்தின் உத்தரத்துக்கு அடியிலிருந்த நட்டின் மீது இரண்டு பாலங்களின் பாரமும் இறங்கியது. அந்த உத்தரமோ, ‘ப’ வடிவ எஃகுச் சட்டங்கள் இரண்டை எதிரெதிரே வைத்துப் பற்றவைத்துச் செய்யப்பட்டது. கம்பிக்கான துளை அந்தப் பற்றவைப்புக் கோட்டின் மீதே அமைந்திருந்தது. பாரம் மிகவே சட்டத்தின் விளிம்பு வளைந்து பிளக்க, நட்டு துளையின் வழியே உருவிக்கொண்டது.

அதே போன்ற உத்தரங்களைச் செய்து சோதனைக் கூடத்தில் அழுத்திப் பார்த்த ஆய்வாளர்கள் மேலும் ஓர் உண்மையைக் கண்டனர். முதல் வடிவமைப்பிலேயே அவ்விணைப்பு, நகரக் கட்டட விதி கோரிய வலிமையில் சுமார் 60 விழுக்காடே பெற்றிருந்தது. மாற்றத்துக்குப் பின் அது சுமார் 30 விழுக்காடாகக் குறைந்தது. எஃகின் தரமோ தொழிலாளரின் வேலைத்திறமோ வீழ்ச்சிக்கு முக்கியக் காரணம் அல்ல. நடனமும் காரணம் அன்று. அந்த இணைப்பைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டியவர் எவரும் பார்க்கவில்லை. ஒருவர் மற்றவர் பார்த்திருப்பார் என்று நம்பியிருந்தார்; பொறியாளரின் முத்திரையோடு வரைபடம் வெளியே சென்றது. பொறுப்பு வகித்த பொறியாளர் இருவர் மிசூரி மாநிலத்தில் தம் தொழில் உரிமத்தை இழந்தனர். அவர்களுள் மூத்தவர், பின்னாட்களில் பொறியாளர் கூட்டங்களில் நின்று, இத்தவறு எவ்வாறு நேர்ந்ததென்று பிறருக்கு எடுத்துரைத்தார். அது எளிய செயல் அன்று.

காலம் தாழ்ந்த எச்சரிக்கை

கனடா நாட்டின் கியூபெக் நகருக்கருகே, செயின்ட் லாரன்ஸ் நதியின் குறுக்கே உலகிலேயே நீண்ட பாலங்களுள் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. அதன் நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டினர். நீளம் கூடியபோது எடையும் கூடும் அல்லவா? அதை உரிய காலத்தில் மீண்டும் கணக்கிடவில்லை. 1907-ஆம் ஆண்டு கோடையில், அடிப்புறத்து எஃகு உறுப்புகள் வளையத் தொடங்கியதைக் கட்டுமிடத்திலிருந்தோர் கண்டனர். அவை முன்பே வளைந்திருந்தவை என்று சிலர் வாதிட்டனர். ஐயமுற்ற இளம் பொறியாளர் ஒருவர் நியூயார்க்கிலிருந்த தலைமை ஆலோசகரிடம் நேரில் சென்றார். முதுமையும் நோயும் காரணமாக அந்த ஆலோசகர், எஃகு வேலை நடந்த காலத்தில் பாலம் எழும்பும் இடத்துக்கு வந்ததில்லை. மேலும் பாரம் ஏற்ற வேண்டாமென்று அவர் தந்தி அனுப்பினார். அது பாலத்தை உரிய நேரத்தில் எட்டவில்லை. அன்று மாலையே, ஆகஸ்ட் 29-ஆம் நாள், பாலம் நதிக்குள் சரிந்தது. 75 தொழிலாளர் உயிரிழந்தனர்.

அவர்களுள் 33 பேர் கானவாகே என்னும் சிற்றூரைச் சேர்ந்த மோகாக் பழங்குடியினர். புனித சவேரியார் பெயர் தாங்கிய அவ்வூர்ப் பங்கு ஆலயத்தில்தான், 2012-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட கத்தேரி தெக்கக்விதாவின் திருவுடல் எச்சங்கள் உள்ளன. ஒரே நாளில் அச்சிற்றூரின் எத்தனை வீடுகள் தந்தையை, கணவனை, மகனை இழந்தன! எஃகு உத்தரங்களால் செய்த சிலுவைகள் அங்குள்ள கல்லறைகளின் மேல் நிற்கின்றன. அரச விசாரணைக் குழு 1908-இல் அறிக்கை அளித்தது: பெயர்பெற்ற வல்லுநர்களின் தீர்ப்பில் நேர்ந்த பிழையே காரணம் என்று அது கூறியது. கனடா நாட்டுப் பொறியாளர்கள் 1925 முதல், வேலை செய்யும் கையின் சுண்டுவிரலில் ஓர் எளிய இரும்பு மோதிரம் அணிந்து, தம் கடமையை நினைவில் நிறுத்துகின்றனர்.

விழுவதற்கு முன்னரே வினவிய பாப்பரசர்

விழுந்த பின் ஆராய்வது நன்று. விழுமுன் ஆராய்வது அதனினும் நன்று. இதற்குத் திருச்சபையின் வரலாற்றிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. உரோமை நகரின் புனித இராயப்பர் பேராலயத்தின் மாபெரும் குவிமாடம் 1590-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்ததும் அதில் பல வெடிப்புகள் தென்பட்டன. மாடம் விழுந்துவிடுமென்று நகரெங்கும் அச்சம் பரவியது. அப்போது ஆட்சி புரிந்த பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1742-இல் மூன்று கணித வல்லுநரை அழைத்தார். ஒருவர் சேசு சபைத் துறவி போஸ்கோவிச். மற்ற இருவர், நியூட்டனின் பெருநூலுக்கு விளக்கவுரை எழுதிய மினிம் சபைத் துறவியர் லெசேர், ஜாக்கியே ஆகியோர்.

அவர்கள் வெடிப்புகளை ஒவ்வொன்றாக அளந்து, மாடம் எவ்வாறு அசைந்திருக்க வேண்டுமெனக் கணக்கிட்டு அறிக்கை அளித்தனர். கணிதமின்றிக் கட்டப்பட்ட மாடத்தைப் பழுதுபார்க்கக் கணிதம் எதற்கு என்று அன்றும் கேட்டவர்கள் உண்டு. பாப்பரசர் அத்துடன் நில்லாமல், 1743-இல் பதுவை நகர்ப் பேராசிரியர் பொலேனியின் கருத்தையும் கேட்டார். எடைகள் கோத்த சங்கிலியொன்றைத் தொங்கவிட்டு, அதன் வளைவைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, மாடத்தின் பாரம் கற்சுவரின் கனத்துக்குள்ளேயே இறங்குகிறது என்று பொலேனி காட்டினார். காரணத்தைப் பற்றி வல்லுநரிடையே கருத்து வேற்றுமை இருந்தது. பரிகாரத்திலோ ஒற்றுமை இருந்தது. மாடத்தைச் சுற்றிப் புதிய இரும்பு வளையங்கள் பூட்டப்பட்டன. குவிமாடம் இன்றும் நிற்கிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. இறைவனின் இல்லமாதலால் இறைவனே காத்துக்கொள்வார் என்று பாப்பரசர் இருந்துவிடவில்லை. செபத்தையும் அவர் கைவிடவில்லை, அளவுகோலையும் கைவிடவில்லை.

நமது இல்லங்களுக்கு

அன்பார்ந்த வாசகர்களே, நமது வீடுகளும் பங்கு மண்டபங்களும் பாடகர் மாடங்களும் இதே இயற்கை விதிகளுக்கு உட்பட்டவையே. மகனின் திருமணத்துக்கு முன் மேலே ஒரு மாடி எழுப்புகிறோம். கூடம் பெரிதாக வேண்டுமென்று நடுச்சுவரை எடுத்துவிடுகிறோம். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைக்கிறோம். இவை ஒவ்வொன்றும் கான்சாஸ் நகரின் அந்தக் கம்பி மாற்றத்தைப் போன்ற “சிறு மாற்றங்களே”. கொத்தனாரின் கைத்திறனை மதிப்போம். ஆயினும் பாரத்தைக் கணக்கிடும் பொறுப்பு அவருடையதன்று. அதற்குத் தகுதி பெற்ற பொறியாளரைக் கேட்பதற்காகும் செலவு வீண் செலவன்று.

சுவரில் வெடிப்பு கண்டால் உடனே பூசி மறைத்தல் கூடாது. வெடிப்பின் முனையில் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதி வைப்போம். வெடிப்பின் குறுக்கே மெல்லிய சுண்ணச்சாந்துப் பட்டை ஒன்றை ஒட்டி வைத்தால், அசைவு தொடருமாயின் அப்பட்டை உடைந்து நமக்கு அறிவிக்கும். கான்கிரீட்டுக்குள் நீர் கசிந்து கம்பி துருப்பிடித்தால், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பெயர்த்தெறியும். கூரையிலிருந்து செதில் செதிலாக விழுவது அதன் அறிகுறி. திருவிழா நாட்களில் மாடத்தில் கூட்டம் ஏறுமுன், அது அத்தனை பேருக்காகக் கட்டப்பட்டதுதானா என்று கேட்க எவரேனும் ஒருவர் துணிய வேண்டும். கேட்பவரைக் குறை காண்பவரென்று எள்ளாதிருப்பது மற்றவர் கடமை.

இரவில் உறங்கச் செல்லுமுன் ஆன்ம சோதனை செய்யுமாறு திருச்சபை நமக்குக் கற்பித்திருக்கிறது. இடிபாடுகளை ஆராயும் பொறியாளர் செய்வதும் ஒருவகை ஆன்ம சோதனையே: நிகழ்ந்ததை மறையாமல் கூறுதல், எளியவர் மேல் பழி போடாதிருத்தல், காரணத்தைக் கண்டபின் வழியை மாற்றிக்கொள்ளுதல். “பிறர் பார்த்திருப்பார்” என்று நாம் விட்டுவிட்ட கடமை எது? வீட்டில், பங்கில், தொழிலில் அப்படியொன்று இருக்குமாயின், இன்றைக்கே அதைச் சென்று பார்ப்போம்.