ஓடுகிற பிள்ளையைப் படம் எடுப்பது

"கமராவைப் பார், ஆடாமல் நில்" என்று சொல்லிச் சொல்லியே என் மகளை நாலு வயது வரைக்கும் படம் எடுத்தேன். எல்லாப் படத்திலும் பாஸ்போட்டுக்கு நிற்பவள் போல நிற்கிறாள். ஊரிலிருந்து அம்மா ஒருநாள் போனில் கேட்டா: "பிள்ளைக்குச் சுகமில்லையே? ஏன் பொம்மை மாதிரி நிக்குது?"

அதற்குப் பிறகுதான் ஓடுகிற பிள்ளையை ஓட விட்டுப் படம் எடுக்கப் பழகினேன். நான் இதைப் படித்தவன் இல்லை. பக்டரியில் பெட்டி அடுக்குகிறவன். பிழைவிட்டுப் பழகியதை எழுதுகிறேன். புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு உதவக்கூடும்.

என்னிடம் இருப்பது பழைய சாமான் கடையில் வாங்கிய சின்ன டிஜிட்டல் கமரா. "போன் இருக்க இதேன்?" என்று மனைவி ஏசினா. தூரத்தில் நிற்கிற பிள்ளையைப் படம் கலங்காமல் கிட்டக் கொண்டுவர இதன் லென்ஸ் நீளும். அதற்காகத்தான் வாங்கினேன். ஆனால் ஒரு வில்லங்கம் உண்டு. பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் படம் விழும். அதற்குள் பிள்ளை ஊஞ்சலை விட்டுச் சறுக்குமரத்துக்குப் போய்விடுவாள். எனக்குக் கிடைத்ததெல்லாம் வெறும் ஊஞ்சல்தான்.

கமரா பழுது என்று நினைத்துவிட்டேன். பழுதில்லை. எங்கே படம் தெளிவாகத் தெரிகிறது என்று தேடி அது லென்ஸை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கிறது. நேரம் அதில்தான் போகிறது. பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்தால் அந்த வேலையை முதலே முடித்து வைத்துவிடும். ஆகவே பிள்ளைக்குப் பின்னால் ஓடாதீர்கள். சறுக்குமரத்தின் அடிப்பக்கத்தைக் குறிவைத்து, முழங்காலில் இருந்து, பாதி அழுத்திக் காத்திருங்கள். பிள்ளை அங்கேதானே வந்து விழவேண்டும். வந்ததும் மீதியை அழுத்துங்கள். ஓடுகிற மனிதன் படம் போட்ட அடையாளம் உங்கள் கமராவில் இருந்தால் அதில் வையுங்கள். ஷட்டர் 1/500 செக்கன் அளவில் அல்லது அதைவிட வேகமாக அடித்தால் ஓடுகிற கால் அவ்வளவாகக் கலங்காது. பத்து எடுத்தால் ஒன்று சரிவரும். ஃபிலிம் காசு இல்லைத்தானே.

எங்கள் பக்கத்தில் இதற்கு நல்ல இடம் மோர்னிங்சைட் பார்க். செப்டம்பர், ஒக்டோபரில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சமன் மீன்கள் ஹைலண்ட் கிறீக் வழியாக எதிர்நீச்சல் போட்டு வரும். மீன் துள்ளும்போது பிள்ளைகள் கமராவை மறந்துவிடுவார்கள். நீங்கள் மீனை எடுக்கவேண்டாம், மீனைப் பார்க்கிற முகத்தை எடுங்கள். மற்றவர்களின் பிள்ளைகள் படத்தில் விழுந்தால் தாய் தகப்பனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வின்ரரில்தான் கஷ்டம். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும். சிப்ற் முடிந்து வீட்டுக்கு வந்தால் மின்குமிழ் வெளிச்சம்தான் மிச்சம். அது போதாமல் ஷட்டர் மெதுவாக அடிக்கும், பிள்ளை புகை மாதிரி விழும். பிளாஷும் சில மீற்றருக்கு மேல் எட்டாது, கண்ணையும் சிவப்பாக்கும். சனி, ஞாயிறு காலையில் யன்னலுக்குக் கிட்ட விளையாட விடுங்கள்.

ஸ்னோவில் எடுத்தால் படம் சாம்பல் நிறமாக வரும். இவ்வளவு வெள்ளையைக் கண்டு கமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. வெளிச்சம் கூட்டிக் குறைக்கிற இடத்தில் +1 இல் வையுங்கள். குளிரில் பற்றரி கெதியாக இறங்கும். மேலதிக பற்றரியை உடுப்புக்குள் சூடாக வைத்திருங்கள். வீட்டுக்குள் வரமுன் கமராவைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் ஈரம் படியும்.

இவ்வளவு மினக்கெடுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டு அல்பம் 2009இல் வன்னியில் இடம்பெயர்ந்தபோது பெட்டியோடு விடுபட்டது. தம்பியின் படம் அதில் ஒன்றுதான் இருந்தது. ஆறு வயதில் ஸ்ரூடியோவில் எடுத்தது. தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து, கதிரையில் ஆடாமல் இருத்தி எடுத்த படம். தம்பி இப்போது இல்லை. அவன் ஓடினால் இடது கால் கொஞ்சம் வெளியால் போகும். அல்பம் தப்பியிருந்தாலும் அந்த ஓட்டம் அதில் இருந்திருக்காது.

போன சமரில் மகள் புல்லில் ஓடிவருகிற படம் ஒன்றை அம்மாவுக்கு அனுப்பினேன். கனநேரம் கதைக்கவில்லை. பிறகு, "இவளும் காலை வெளியாலதான் எறியிறாள், பாத்தனியோ?" என்றா. நான் அதுவரை பார்க்கவில்லை.

கார்ட்டிலும் போனிலும் மட்டும் படங்களை விட்டு வைக்காதீர்கள். நல்லதாகப் பார்த்து மாதம் பத்துப் படம் கடையில் கொடுத்து அடியுங்கள், இரண்டு பிரதியாக. பின்பக்கத்தில் திகதியும் இடமும் எழுதுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். மற்றதை ஊருக்கோ வேறு நாட்டில் இருக்கும் சகோதரங்களுக்கோ தபாலில் அனுப்பிவிடுங்கள். நான் அம்மாவுக்கு அனுப்புகிறேன்.