அடுக்களைப் புகையும் அபாய மணியும்

மலையிற் புகை தோன்றின் அங்கு நெருப்புண்டென அனுமானிப்பதற்கு அடுக்களையைத் திட்டாந்தமாகக் காட்டும் மணிமேகலையின் தருக்கப் பகுதி. இன்றைய வாயு உணரிகள் செய்வதும் அத்தகைய அனுமானமே. எனினும் கண்ணுக்குப் புலனாகும் புகைக்காக அவை காத்திருப்பதில்லை. மரமோ துணியோ சுவாலையின்றிக் கனலும்போதே காபனோரொட்சைட்டும் ஐதரசனும் வெளிப்படுகின்றன. யப்பானியரான தகுச்சி 1962இல் காப்புரிமை கோரிய உணரியில், சூடாக்கப்பட்ட வெள்ளீய ஈரொட்சைட்டின் மேற்பரப்பிற் படியும் ஒட்சிசன் இலத்திரன்களைப் பற்றிக்கொள்வதால் மின்தடை உயர்ந்திருக்கும். இவ்வாயுக்கள் அவ்வொட்சிசனோடு தாக்கமுறவே இலத்திரன்கள் விடுபடும், தடை வீழும், மணி ஒலிக்கும்.

இக்கருவியைக் கொஸ்லந்தைப் பகுதித் தோட்ட லயமொன்றிற் பொருத்துவதாகக் கொள்வோம். வரிசையாக அமைந்த காம்பராக்களை ஒரே கூரை மூடியிருக்கும். ஒரு காம்பராவிற் பற்றிய தீ கூரைமரங்கள் வழியே அயல் வீடுகளுக்குத் தாவும். ஆதலின் முன்னறிவிப்பு மிக வேண்டப்படும் இடம் இதுவே. ஆயின் புகைபோக்கியற்ற விறகடுப்பும் இங்கேயே எரிகிறது. அதிலிருந்து எழுவதும் காபனோரொட்சைட்டே. தருக்க நூலாரின் திட்டாந்தம் இங்கே கருவிக்குத் தடுமாற்றமாகிறது. அடுப்பு மூட்டுந்தோறும் மணி ஒலிப்பின் மக்கள் அதனைக் கழற்றி வைப்பர், அது அறியாமையன்று. வெப்பத்தையும் வாயுச் செறிவையும் ஒருங்கே அளக்கும் கருவிகள் இக்குறையை ஓரளவே நீக்கும். மேலும், பெரியோர் கொழுந்தெடுக்க மலைக்குச் சென்றுவிட்ட பகற்பொழுதில், பூட்டிய காம்பராவில் ஒலிக்கும் மணி யார் செவிக்கு எட்டும்? பிள்ளைக்காம்பராவிலும் தேயிலைத் தொழிற்சாலையிலும் அது எதிரொலிக்குமாறு இணைத்தல் வேண்டும்.

அறிவிப்பு எட்டியபின்னும் ஒரு வினா எஞ்சும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் லயங்களை மண் மூடியது. அச்சரிவின் அபாயம் குறித்து 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. ‘மக்கள் ஏன் வெளியேறவில்லை’ எனப் பின்னர் வினவியோர், வெளியேறிச் செல்வதற்கான வீடு எங்கே என வினவ மறந்தனர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கிற்று. 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. இவ்விரு மாற்றங்களும் லயத்தைத் தொழிலாளியின் உடைமையாக்கவில்லை.

இந்நிலையில், உணரி வாங்குமுன் புகைபோக்கி எழுப்புதலும், காம்பராக்களுக்கிடையே கூரையை ஊடறுத்துத் தீத்தடுப்புச் சுவர் அமைத்தலும் முதல்வேலை என்போம். அச்சுவரில் ஒரு கல்லை மாற்றுதற்கும் தோட்ட நிருவாகத்தின் இசைவு வேண்டும்.