ரூட் கெனால் செய்த பல் மறுபடி வலிக்கிறதா?

கல்யாணப் பந்தி. வடையை ஆசையாகக் கடிக்கிறீர்கள். 'சுரீர்'! ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நடையாய் நடந்து ரூட் கெனால் செய்து, மேலே 'கேப்'பும் மாட்டிக்கொண்ட அதே கடைவாய்ப் பல்!

''நரம்பையே எடுத்தாச்சுன்னு சொன்னாங்களே... அப்புறம் எப்படி வலிக்கும்?''

நியாயமான கேள்விதான். எடுத்தது பல்லுக்கு உள்ளே இருந்த நரம்பை மட்டும். பல்லைத் தாடையோடு பிடித்து வைத்திருக்கும் நார்களும், சுற்றியுள்ள எலும்பும் உயிரோடுதான் இருக்கின்றன. வேர் நுனியில் கிருமிகள் சேர்ந்தால் வலிப்பது அவைதான்.

உடனே, ''பிடுங்கிப் போடுங்க டாக்டர்!'' என்று வாயைத் திறந்துவிடாதீர்கள். அதற்கு முன் வேறு வழிகள் இருக்கின்றன.

ஏன் இப்படி ஆகிறது?

வேருக்குள் இருக்கும் குழாய்கள் வளைந்தும் கிளை பிரிந்தும் ஓடுபவை. உதாரணத்துக்கு, மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள். மூன்று குழாய்கள்தானே என்று நினைத்தால், பாதிப் பேருக்கு மேல் நாலாவதாக ஒன்று ஒளிந்துகொண்டிருக்கும்! அது கண்ணில் படாமல் போனால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்தான்.

நம் பக்கமும் தவறு உண்டு. ''வலிதான் போயிடுச்சே!'' என்று கேப் போடாமலே விட்டுவிடுகிறோம். தற்காலிக சிமென்ட் தேய்ந்து, எச்சில் உள்ளே கசிந்து, மறுபடி கிருமி குடியேறுகிறது. கேப்புக்கு அடியில் புதிதாகச் சொத்தை விழுவதும், பல்லில் விரிசல் விடுவதும் மற்ற காரணங்கள்.

கடித்தால் வலி, வீக்கம், ஈறில் சின்னக் கொப்புளம் கிளம்பிச் சீழ் வடிந்து அமுங்கி மறுபடி வருவது - இவைதான் அறிகுறிகள். சிலருக்கு வலியே இருக்காது. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பு நிழல் மட்டும் தெரியும். ஆனால், நிழல் என்றாலே தோல்வி என்று அர்த்தமில்லை. கரைந்த எலும்பு மறுபடி வளர ஒரு வருஷமோ, அதற்கு மேலோ ஆகலாம். பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால்தான் நிழல் வளர்கிறதா, சுருங்குகிறதா என்பது புரியும். ஆகவே, பழைய எக்ஸ்ரேக்களைப் பத்திரப்படுத்துங்கள்.

என்ன செய்யலாம்?

1. மறுபடியும் ரூட் கெனால்: பெரும்பாலும் முதல் யோசனை இதுதான். கேப்பைக் கழற்றி, பழைய அடைப்பை எடுத்து, விட்டுப்போன குழாயைத் தேடிச் சுத்தம் செய்து, மருந்து வைத்து, புதிதாக அடைப்பார்கள். முதல் தடவையைவிட நுணுக்கமான வேலை. மைக்ரோஸ்கோப் வசதியுள்ள வேர் சிகிச்சை நிபுணரிடம் செய்துகொள்வது நல்லது.

2. வேர் நுனி ஆபரேஷன்: மேலே இருந்து உள்ளே போக முடியாதபடி இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை லேசாகத் திறந்து, வேர் நுனியில் சுமார் 3 மில்லிமீட்டர் வெட்டியெடுத்து, அந்தப் பக்கத்திலிருந்து சிமென்ட்டால் அடைப்பார்கள். தையல் உண்டு. பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

3. பல்லை எடுப்பது: வேர் நெடுக்குவாட்டில் பிளந்திருந்தாலோ, கேப் நிற்கவே பல் மிச்சமில்லை என்றாலோ இதுதான் வழி. எடுத்த இடத்தில் இம்ப்ளான்ட், பிரிட்ஜ், அல்லது கழற்றி மாட்டும் பல் வைத்துக்கொள்ளலாம். பிரிட்ஜ் என்றால் பக்கத்திலுள்ள நல்ல பற்களையும் ராவ வேண்டியிருக்கும். இம்ப்ளான்ட் எலும்போடு சேரப் பொதுவாகச் சில மாதங்கள் பிடிக்கும்.

''ஆன்ட்டிபயாடிக் சாப்பிட்டா சரியாயிடாதா?'' என்கிறீர்களா? ஆகாது. நரம்பு எடுத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை. மருந்து எப்படிப் போய்ச் சேரும்? வீக்கம் தற்காலிகமாக அமுங்கும், அவ்வளவுதான். வலி மாத்திரையை ஈறில் அடக்கிக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம். ஈறு வெந்துபோகும்.

டாக்டரிடம் கேளுங்கள்

'எதனால் தோற்றது? பல் பிளந்திருக்கிறதா? மறுபடி செய்தால் நிலைக்குமா? கேப்போடு சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?' - இந்த நாலு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகு முடிவெடுங்கள். சர்க்கரை நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க அல்லது எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து சாப்பிட்டாலோ மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: காய்ச்சலோடு தாடைக்கு அடியில் வீக்கம் பரவினால், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால், 'காலையில பார்த்துக்கலாம்' என்று படுத்துவிடாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்... அது உயிர் சமாசாரம்!