மூணும் அஞ்சும் சேர்ந்தா நாலு!

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்ல ஃபைலோட நிக்கிற இன்டர்வியூ பார்ட்டியா நீங்க? இந்தப் புதிரைப் பார்த்துட்டுப் போங்க பாஸ்!

கோடு போடாத 3 லிட்டர், 5 லிட்டர் கேன். 4 லிட்டர் தண்ணி வேணும். 1995-ல் வந்த ஹாலிவுட் ‘டை ஹார்ட்’ மூணாம் பாகத்துல, குண்டு வெடிக்காம இருக்க ப்ரூஸ் வில்லிஸ் போட்ட அதே கணக்கு!

5-ஐ நிரப்பி 3-ல ஊத்துங்க. மிச்சம் 2. 3-ஐக் காலி பண்ணிட்டு, அந்த 2-ஐ அதுல விடுங்க. மறுபடி 5-ஐ நிரப்பி, 3 நிறையிற வரை ஊத்தினா 1 குறையும். கையில 4!

உஷார்... 6, 4 லிட்டர் கேனைக் கொடுத்து 5 கேட்டா? எத்தனை தடவை ஊத்தினாலும் இரட்டைப்படைதான் வரும். ‘முடியாது சார்’னு காரணத்தோட சொல்லுங்க. அதுதான் சரியான விடை!