சுரப்பிக்குக் கட்டளை எங்கிருந்து வருகிறது?



சில மாதங்களுக்கு முன்னர் தாயொருவர் எமது வீட்டுக்கு வந்து, என் மனைவியினூடாக ஒரு மாத்திரைப் போத்தலை என்னிடம் காட்டினார். அவரது மகன் உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். காலையில் எழும்ப முடியவில்லை, எந்நேரமும் களைப்பு, சிறிய வார்த்தைக்கும் கோபம். கத்தாரில் தொழில் புரியும் மாமா இணையத்தில் பார்த்து, அதிரீனல் சுரப்பிக்கு வலுவூட்டும் மாத்திரை என்று இதனை வாங்கி அனுப்பியிருக்கிறார். "மௌலவி, டென்சன் கூடினா இந்தச் சுரப்பி களைச்சுப் போகுமாம். இதக் குடுக்கலாமா, ஹலால்தானா?" என்று அவர் கேட்டார்.

கேள்வி நியாயமானது. இத்தகைய மாத்திரைகள் சிலவற்றில் மாட்டின் அல்லது பன்றியின் சுரப்பியை உலர்த்தி அரைத்த பொடி சேர்க்கப்படுவதுண்டு. ஆயினும் அதற்கு முன்பே கேட்கப்பட வேண்டிய வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றியது. சுரப்பி உண்மையிலேயே களைத்துத்தான் போகிறதா? நான் அரபுக் கல்லூரியில் ஓதியவன், வைத்தியன் அல்லன். ஆகவே தெரிந்த வைத்தியர்களிடம் கேட்டும் நூல்களைப் பார்த்தும் அறிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

எமது இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி கவிழ்த்தாற்போல் ஒவ்வொரு சிறிய சுரப்பி அமர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றின் நிறையும் ஏறத்தாழ 4 முதல் 5 கிராம். இவையே அதிரீனல் சுரப்பிகள். இவற்றின் உட்பகுதி அதிரீனலின் எனும் ஓமோனைச் சுரக்கிறது. வீதியில் திடீரென ஒரு வாகனம் எம்மை நோக்கிப் பாய்ந்து வந்தால் நெஞ்சு படபடக்கிறதே, அது இதன் வேலை. சில நிமிடங்களில் அது அடங்கிவிடும். வெளிப்பகுதி கோட்டிசோல் எனும் ஓமோனைச் சுரக்கிறது. குருதியில் குளுக்கோசின் அளவை உயர்த்துவது, குருதியமுக்கத்தைத் தாங்கிப் பிடிப்பது, அழற்சியைக் கட்டுப்படுத்துவது ஆகியன இதன் பணிகள். இதே வெளிப்பகுதியில் உடலின் உப்பைக் காக்கும் மற்றோர் ஓமோனும் உருவாகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. கோட்டிசோலைச் சுரக்கும் முடிவைச் சுரப்பி தானாக எடுப்பதில்லை. மூளையின் அடிப்பாகத்திலுள்ள பரிவகக்கீழ், கபச்சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. கபச்சுரப்பி அதிரீனலுக்குக் கட்டளையிடுகிறது. கோட்டிசோல் போதுமான அளவு சேர்ந்ததும் அதுவே மேலே சென்று, போதும், நிறுத்துங்கள் என்று அறிவிக்கிறது. சுரப்பி ஓர் ஊழியன் மாத்திரமே. அதிகாரம் மேலே இருக்கிறது. அந்த அதிகாரத்தின் காதில் விழுவதோ எமது பயம், கவலை, தூக்கம், பசி ஆகியவை.

சுரப்பி களைத்துவிடும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? மொன்றியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் செலியே என்பவர், எலிகளைப் பலவிதமான துன்பங்களுக்கு உட்படுத்தி, துன்பம் எதுவாயினும் உடல் ஒரே விதமாக எதிர்வினையாற்றுகிறது என்று 1936ஆம் ஆண்டு எழுதினார். எச்சரிக்கை, எதிர்த்து நிற்றல், சோர்ந்து வீழ்தல் எனப் பிற்பாடு அவர் மூன்று கட்டங்களை வகுத்தார். அந்த மூன்றாவது கட்டத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டே பிறர் கதையை வளர்த்தார்கள். ஆனால் செலியே அந்த எலிகளின் உடலில் கண்டது பருத்திருந்த அதிரீனல் சுரப்பியைத்தான், வற்றிப்போன சுரப்பியையன்று. அதிரீனல் களைப்பு என்ற பெயரையோ 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் வில்சன் என்பவர் உருவாக்கினார். 2016இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் இருவர் இது தொடர்பான 58 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பரிசீலித்து, அப்படியொரு நோய் இருப்பதற்கு ஆதாரமில்லை என்று முடிவு கூறினர்.

அப்படியாயின் அந்த மகனின் களைப்பு பொய்யா? இல்லை, நிச்சயமாக இல்லை. பிள்ளை களைப்பு என்று சொன்னால், அது சோம்பல் என்று தட்டிக்கழிக்கும் தகப்பன்மாரை நான் நிறையவே கண்டிருக்கிறேன். களைப்பு உண்மை, அதற்குச் சொல்லப்பட்ட காரணந்தான் பிழை.

கோட்டிசோலுக்கு ஒரு நாளாந்த ஒழுங்கு இருக்கிறது. நள்ளிரவை ஒட்டி அது மிகக் குறைவாக இருக்கும். பின்னிரவில் மெல்ல ஏறத் தொடங்கி, நாம் விழிக்கும் வேளையில் உச்சத்தை நெருங்கி, விழித்து அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் இன்னும் ஒருபடி உயரும். பின்னர் பகல் முழுவதும் இறங்கும். நீடித்த மன அழுத்தம் கெடுப்பது இந்த ஒழுங்கைத்தான். சிலருக்கு இரவில் இறங்க வேண்டியது இறங்காமல் நிற்கிறது. வேறு சிலருக்குக் காலையில் ஏற வேண்டியது சரியாக ஏறுவதில்லை. இரண்டிலும் சுரப்பி பழுதடையவில்லை. கட்டளை வரும் நேரமும் அளவும் பிசகிவிட்டன.

இளைஞர்களே, இதை உங்களுக்காகவே சொல்கிறேன். 1999ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணித்தியாலங்கள் மாத்திரமே படுக்கையில் இருக்கவிட்டுப் பரிசோதித்தார்கள். ஆறே இரவுகள்தான். அதற்குள் அவர்களது மாலைநேரக் கோட்டிசோல் உயர்ந்திருந்தது. உண்ட சீனியைக் கையாளும் ஆற்றலும் குறைந்திருந்தது. எமது பிள்ளைகளோ டியூஷன் முடிந்து ஒன்பது மணிக்கு வீடு வந்து, பின்னர் கைத்தொலைபேசியுடன் இரண்டு மணிவரை விழித்திருந்து, ஸுப்ஹுக்கு எழும்ப முடியாமல் தவிக்கிறார்கள். இது ஆறு இரவுகளல்ல, இரண்டு வருடங்கள்.

ஏனைய ஓமோன்களும் இதில் சிக்குகின்றன. ஆபத்துக் காலம் என்று மூளை நம்பும்போது, அவசரமற்ற காரியங்களை அது ஒத்திவைக்கிறது. இனப்பெருக்க ஓமோன்களுக்கான கட்டளையும் அதே பரிவகக்கீழிலிருந்தே புறப்படுவதால், பரீட்சைக் காலத்தில் பெண்பிள்ளைகள் சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகிறது, சிலருக்கு மாதக்கணக்கில் நின்றும் விடுகிறது. சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் இது அதிகம். தாய்மார்கள் இதனை வெட்கத்துக்குரிய விடயமாக மறைக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1948இல், எல்சி விடோவ்சன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஜேர்மனியில் இரண்டு அநாதை இல்லங்களின் பிள்ளைகளை நிறுத்து அளந்துவந்தார். ஒவ்வோர் இல்லத்திலும் ஏறத்தாழ 50 பிள்ளைகள். முதல் ஆறு மாதங்கள் இரு இல்லங்களுக்கும் ஒரே பங்கீட்டு உணவு. அடுத்த ஆறு மாதங்கள் ஓர் இல்லத்துக்கு மாத்திரம் மேலதிகமாகப் பாணும் ஜாமும் தோடம்பழச் சாறும் வழங்கப்பட்டன. அந்தப் பிள்ளைகள்தான் கூடுதலாக வளர்வார்கள் என்று யாரும் எதிர்பார்ப்பர். நடந்தது மறுதலை. மேலதிக உணவு பெற்ற பிள்ளைகளின் நிறை, பெறாதவர்களைவிடக் குறைவாகவே கூடியது.

காரணம் தேடியபோது வெளிப்பட்டது இது. மேலதிக உணவு தொடங்கிய அதே காலத்தில், மற்றைய இல்லத்தின் கண்டிப்பான மேற்பார்வையாளர் இந்த இல்லத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். பிள்ளைகளை எல்லோர் முன்னிலையிலும் ஏசுவதற்கு அந்தப் பெண்மணி தேர்ந்தெடுத்த நேரம் சாப்பாட்டு நேரம். அவர் தன்னுடன் அழைத்துவந்த, தனக்குப் பிடித்தமான எட்டுப் பிள்ளைகள் மாத்திரம் நன்றாக வளர்ந்தார்கள். விடோவ்சன் இதனை 1951இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார். அவர் ஓமோன்களை அளக்கவில்லை. ஆனால் கொடுமைக்குள்ளான பிள்ளைகளின் வளர்ச்சி ஓமோன் குன்றுவதையும், சூழல் மாறினால் அது மீள்வதையும் பிற்கால வைத்தியர்கள் அளந்தே கண்டிருக்கிறார்கள்.

சோற்றுக் கோப்பையின் முன் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம், மச்சானின் மகன் எத்தனை ஏ எடுத்தான் தெரியுமா என்று நாம் தொடங்கும்போது, பரிவகக்கீழுக்கு என்ன செய்தி போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இனி அந்தப் போத்தலுக்கு வருவோம். 2018ஆம் ஆண்டு மாயோ கிளினிக்கின் சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் வைத்தியரின் சீட்டின்றி விற்கப்பட்ட இத்தகைய 12 தயாரிப்புக்களைப் பரிசோதித்தது. பன்னிரண்டிலும் தைரொயிட் ஓமோன் காணப்பட்டது. பெரும்பாலானவற்றில் ஏதாவதொரு ஸ்டீரொயிட் ஓமோனும் இருந்தது. மூலிகை என்றும் ஊட்டச்சத்து என்றும் நம்பி வாங்குபவர் தன்னையறியாமல் ஓமோனை விழுங்கியிருக்கிறார்.

இதில் என்ன ஆபத்து? மேலே சொன்ன கட்டளை ஒழுங்கை மீண்டும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வலுவான ஸ்டீரொயிட் நாள்தோறும் வந்துகொண்டிருந்தால், போதும் என்ற செய்தி மூளைக்கு இடையறாது போகிறது. மூளை கட்டளையை நிறுத்துகிறது. கட்டளையில்லாத சுரப்பி காலப்போக்கில் சுருங்குகிறது. கவலை களைப்படையச் செய்யாத சுரப்பியை மருந்து உறங்கவைத்துவிடுகிறது! முட்டு வருத்தத்துக்கும் மூட்டு நோவுக்கும் வைத்தியர்கள் தரும் பிரெட்னிசோலோன் மாத்திரையும், எமது பெண்பிள்ளைகள் முகம் வெளுக்கவென்று மாதக்கணக்கில் பூசும் சில கிறீம்களில் கலந்திருக்கும் வலுவான ஸ்டீரொயிடும் இந்த வகையினவே. பிரெட்னிசோலோன் உயிர்காக்கும் மருந்து. அதை நான் குறைகூறவில்லை. ஆனால் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து குடித்துவிட்டு, சுகமாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்துவது உயிராபத்து. உறங்கும் சுரப்பி உடனே எழும்பாது. வைத்தியரின் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

சுரப்பி உண்மையாகவே செயலிழக்கும் நோயும் உண்டு. லண்டனின் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த தோமஸ் அடிசன் 1855இல் அதனை விவரித்தார். அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. அவர் காலத்தில் காசநோயே அதன் முக்கிய காரணம். இன்று பல நாடுகளில், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்குவதால் அது பெரும்பாலும் ஏற்படுகிறது. உடல் மெலிதல், எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்பின் மீது தீராத ஆசை, முரசும் உள்ளங்கை ரேகைகளும் கருமையடைதல் ஆகியன அதன் அடையாளங்கள். இது அரிது. ஆயினும் அதனை மன அழுத்தம் என்று சொல்லி இணையத்து மாத்திரை கொடுத்துக் காலத்தைக் கடத்தினால், ஒரு சாதாரணக் காய்ச்சலோ வாந்தியோ நோயாளியை மரணத்தின் வாயிலுக்குக் கொண்டுபோய்விடும்.

இந்நோயாளிகளும், ஸ்டீரொயிட் மாத்திரையை நாளாந்தம் குடிப்பவர்களும் ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன்னரே வைத்தியரிடம் செல்ல வேண்டும். சிலருக்கு மருந்தின் வகையையும் நேரத்தையும் மாற்றி நோன்பு நோற்க முடியும், சிலருக்கு முடியாது. முடியாது என்று வைத்தியர் சொன்ன பின்னரும், ஊர் என்ன சொல்லும் என்று மருந்தைத் தவிர்த்து நோன்பிருப்பது தக்வாவாகாது. நோயாளிக்கான சலுகையை அல்லாஹ்வே தன் வேதத்தில் வழங்கியிருக்கிறான். நோன்பிருக்கும்போது தலைசுற்றலும் வாந்தியும் கண்டால் உடனே நோன்பை விட்டுவிட்டு வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தான் ஸ்டீரொயிட் குடிப்பவர் என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

அந்தத் தாயிடம் மாத்திரையைத் திறக்காமல் மகனை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும்படி கூறினேன். குருதிச்சோகை, தைரொயிட், நீரிழிவு ஆகியவற்றுக்கும் காலைநேரக் கோட்டிசோலுக்கும் வைத்தியர் குருதிப் பரிசோதனை செய்வித்தார். குருதிச்சோகை சிறிதளவு இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ஏனையவை சரியாக இருந்தன. பின்னர் மகனைத் தனியாக அமர்த்திக் கதைத்திருக்கிறார். தகப்பனின் கடையில் கடன் ஏறியிருப்பதையும், தான் சித்தியடையாவிட்டால் வீடு விற்கப்படும் என்று இரவில் பெற்றோர் கதைத்ததைச் சுவருக்கு இப்பால் கேட்டதையும் அவன் அப்போதுதான் வாய்திறந்து சொன்னானாம்.

அடுத்த கிழமை தகப்பன் என்னிடம் வந்தார். வீடு விற்கும் பேச்சு கோபத்தில் சொன்னது, அப்படி ஒரு எண்ணமே இல்லை என்றார். அதை மகனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இஷாவுக்குப் பிறகு சொல்கிறேன் என்று எழுந்து போனார்.