மூக்கு தடுக்காத தூசி

காற்றில் மிதக்கும் துகள்களை அறிவியல் முதலில் பார்ப்பது அளவை வைத்து. விட்டம் 10 மைக்ரானுக்கு மிகாதவை பி.எம்.10, 2.5 மைக்ரானுக்கு மிகாதவை பி.எம்.2.5. தலைமுடியின் பருமனே சுமார் 70 மைக்ரான் என்பதால், பி.எம்.2.5 துகளைத் தனியாகக் கண்ணால் பார்க்க வழியில்லை. சாலைப் புழுதியும் கல்குவாரித் தூளும் பெரும்பாலும் பருமனானவை. டீசல், நிலக்கரி, விறகு, குப்பை எரியும்போது எழும் கரியோ மிக நுண்ணியது. இவை தவிர, வாயுவாக வெளியேறும் கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றிலேயே வினைபுரிந்து சல்பேட், நைட்ரேட் துகள்களாக மாறுகின்றன. கரும்புகை வராத புகைபோக்கி சுத்தமானது என்று நம்பிவிட முடியாது.

பெரிய தூசியை மூக்கு முடியும் சளியும் பிடித்துவிடும், தும்மினால் போய்விடும். பி.எம்.10 மூச்சுக்குழல் வரை சென்று இருமலையும் இளைப்பையும் கிளப்பும். பி.எம்.2.5 நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்றறைகளுக்கே போய்விடுகிறது. அங்கே துகளை மேலே தள்ளிவிடும் நுண்மயிர்கள் கிடையாது. மேக்ரோபேஜ் என்னும் செல்கள்தாம் அதை விழுங்கி அப்புறப்படுத்த வேண்டும். ஆனால் கரியை அவற்றால் செரிக்க முடியாது. இந்தப் போராட்டத்தில் உண்டாகும் அழற்சியின் விளைவு நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, ரத்தக்குழாய்களில் கொழுப்புப் படிவு வளர்கிறது. மாசு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆஸ்துமா. ஆனால் வெளிக்காற்று மாசால் நேரும் மரணங்களில் பெரும்பங்கு இதய நோயாலும் பக்கவாதத்தாலும்தான். 2019இல் உலகில் சுமார் 42 லட்சம் பேர் இம்மாசால் அகால மரணமடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2013இலேயே நுண்துகளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

எவ்வளவு புகை எழுகிறது என்பதைப் போலவே, அது எங்கே தேங்குகிறது என்பதும் முக்கியம். வழக்கமாகத் தரையருகே உள்ள சூடான காற்று மேலெழுந்து புகையையும் கொண்டுபோய்விடும். குளிர்கால விடியலில் இது தலைகீழாகிறது: தரையருகே குளிர்ந்த காற்று, அதன்மேல் வெப்பமான அடுக்கு. மூடி போட்ட பானையைப் போல ஊர் புகைக்குள் கிடக்கும். லண்டனில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகை இப்படித் தேங்கியது. முதல் கணக்கில் சுமார் 4,000 பேர் இறந்தனர். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அதையடுத்து 1956இல் அங்கே தூய காற்றுச் சட்டம் வந்தது.

சென்னையின் போகி விடியலிலும் புகை இப்படித்தான் தேங்குகிறது. பழைய பாயும் துடைப்பமும் எரிந்த தெருவில் இன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிகின்றன. பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டு அந்தப் புகைக்குள்ளேயே நிற்கிறார்கள். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து ஓடுதளத்தை மறைத்ததால் சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. டயர் எரிவது நின்றபாடில்லை.

பாதிப்பு மனிதரோடு நிற்பதில்லை. இலைகளில் படியும் துகள் வெளிச்சத்தை மறைத்து இலைத்துளைகளை அடைக்கிறது, ஒளிச்சேர்க்கை குறைகிறது. இமயப் பனியில் விழும் கரி வெயிலை உறிஞ்சிப் பனி உருகுவதை விரைவுபடுத்துகிறது. தாஜ்மகாலின் வெண்பளிங்கு பழுப்பேறுவதில் கரித்துகளுக்கும் புழுதிக்கும் பங்குண்டு என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. சல்பேட் துகளோ சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிப் புவியைச் சற்றுக் குளிர்விக்கிறது. நுரையீரலுக்கு அதனால் ஆறுதல் எதுவும் இல்லை.

ஒரு கனமீட்டர் காற்றில் பி.எம்.2.5 ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது 2021இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. 2009இல் இந்தியா வகுத்தது 40. ஆகவே நம் வரம்புக்குள் இருக்கும் காற்றெல்லாம் நல்ல காற்று ஆகிவிடாது. புகை சூழ்ந்த நாளில் முதியவர்களும் இதய நோயாளிகளும் காலை நடையை ஒத்திவைப்பது நல்லது. வெளியே போயே ஆக வேண்டுமானால், கைக்குட்டை உதவாது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும்.